தங்குமிடத்துக்கு யார் மதிப்பெண் இடுவது?

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ நடுவழியில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. விக்கிரவாண்டியில் தொடங்கி மானாமதுரையில் முடியும் 36-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகத்தான் செல்கிறது. ராமேசுவரத்துக்கும், அவரவர் குலதெய்வக் கோயிலுக்கும் செல்லும் வேன்களை இங்கே விடுமுறை நாள்களில் வரிசையாகக் காணலாம். கூரைமேல் பாய், தலையணை, அண்டா. உள்ளே அடுப்பு, அரிசி மூட்டை, புளியோதரைத் தூக்குவாளி. மேலைநாட்டார் 'கேம்பர்வேன்' என்று பெயரிட்டுப் பெருமையோடு செய்வதைத் தமிழ்க் குடும்பங்கள் 'வேன் பிடித்துப் போவது' என்ற பெயரில் பல காலமாகச் செய்துவருகின்றன. அவர்களுக்கு இரவில் வண்டியை நிறுத்த ஓர் இடம் இருக்கிறது. நம்மவர்களுக்கு அது சாலையோரம்.

சாலையோரம் என்பதன் விலை என்னவென்று இம்மாவட்டத்துக்குத் தெரியும். 2023 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டையைத் தாண்டித் திருமயம் செல்லும் சாலையில் நமணசமுத்திரத்தில், தேநீர் அருந்த வண்டிகளை நிறுத்தியிருந்த பக்தர்கள்மீது சிமென்ட் ஏற்றிவந்த லாரி மோதியதில் 5 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், திருப்பத்தூர் மாவட்டம் நாட்டறம்பள்ளி அருகே, பழுதாகி நின்ற சுற்றுலா வேனுக்கு வெளியே அமர்ந்திருந்த 7 பெண்கள் இறந்தனர். அதற்கு முந்தைய மாதம் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதிகளை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் மாண்டனர். ஓட்டுநரின் பிழை, விதிமீறல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு. ஆயினும், பயணத்தின் நடுவே நிற்கவும் அமரவும் சமைக்கவும் நம்பகமான இடம் வேண்டும் என்ற தேவையை இம்மூன்றும் சுட்டுகின்றன.

இடம் இருந்தால் மட்டும் போதுமா? அது எப்படிப்பட்ட இடம் என்பது போகுமுன் தெரிய வேண்டும். இங்கேதான் பொருளியல் நுழைகிறது. 1970-இல் ஃபிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர், வாங்குமுன் பார்த்தறியக்கூடிய பண்டங்களையும், நுகர்ந்த பின்னரே தரம் தெரியும் பண்டங்களையும் வேறுபடுத்திக் காட்டினார். புடைவையை விரித்துப் பார்த்து வாங்கலாம். இரவுத் தங்கலை அப்படிப் பார்க்க முடியாது. அதே ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்த சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று நிறுவினார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே அடிப்படை. நெடுஞ்சாலைத் தங்குமிடத்தில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றுகிறது. அங்கே வருபவர் மீண்டும் வரப்போவதில்லை என்பது இடத்தை நடத்துபவருக்குத் தெரியும். உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைக்காரர் நாளைய வாடிக்கையை எண்ணிச் சாம்பாரில் தண்ணீர் சேர்க்கத் தயங்குவார். ஒருநாள் விருந்தினரிடம் அந்தத் தயக்கத்துக்கு வேலையில்லை. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்குச் சொல்லும் சொல்தான் அந்த இடைவெளியை ஓரளவு அடைக்கிறது.

இப்படிச் சொல்வது நமக்குப் புதிதன்று. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்ற பயணம் அது. வழிநெடுக ஒவ்வொரு தங்கலைப் பற்றியும் எவ்வளவு தொலைவு, கடைகள் உண்டா, தண்ணீர் எப்படி, பாதை எப்படி என்று எழுதிவைத்தார். அவர் தெலுங்கில் எழுதியதை நண்பர் சீனிவாசப் பிள்ளை 1838-இல் நூலாக வெளியிட்டார். கோயில்களின் சிறப்பையும் அவர் சொல்கிறார். ஆனால், பின்னால் வருபவனுக்கு அரிசி கிடைக்குமா என்பதையும் அதே அக்கறையோடு சொல்கிறார். அந்த இரண்டாவது அக்கறைதான் நம் இன்றைய பயண எழுத்தில் மிகவும் குறைந்துபோனது என்பது என் எண்ணம்.

பிரான்சில் மிச்செலின் டயர் நிறுவனம் தன் வழிகாட்டி நூலை 1900-இல்தான் வெளியிட்டது. நாட்டில் 3,000 கார்கள்கூட இல்லாதபோது ஏறத்தாழ 35,000 படிகளை இலவசமாக வழங்கியது. மக்கள் அதிகம் பயணம் செய்தால் டயர் தேயும் என்ற கணக்கு. உணவகங்களுக்கு நட்சத்திரம் இடும் வழக்கம் 1926-இல் வந்தது. தன் ஆய்வாளர்களைப் பெயர் சொல்லாமல் அனுப்பி, அவர்கள் உண்டதற்குத் தானே பணம் கொடுத்ததால்தான் அந்த நட்சத்திரத்துக்கு மதிப்பு ஏற்பட்டது.

இன்று கைப்பேசியில் எவரும் நட்சத்திரம் இடலாம். அதன் ஆற்றலும் சிறிதன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த அப்போது ஹார்வர்டு பேராசிரியராக இருந்த மைக்கேல் லூக்கா, ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடுவதாகக் கண்டார். அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் பொய்யும் புழங்கும். எவரும் எழுதக்கூடிய தளத்தையும், அறை எடுத்துத் தங்கியவர் மட்டுமே எழுதக்கூடிய தளத்தையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் வகைத் தளத்தில் போட்டி விடுதிகளைப் பற்றிய பழிப்புரைகள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது தன்விருப்பம் சார்ந்ததாகவே வைக்கப்பட்டது.

பொய்யைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. ஓய்வுபெற்ற பின் நானும் என் மனைவியும் ஒரு சிறிய வேனில், உரிய அலுவலகத்தில் ஒப்புதல் பெற்றுப் பின்னிருக்கைகளை எடுத்துவிட்டு, கட்டில் ஒன்றைப் பொருத்திக்கொண்டு தென்மாவட்டங்களைச் சுற்றிவருகிறோம். தங்கிய இடங்களுக்கு மதிப்பெண் இட்டு ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறேன். கடற்கரையோரத் தனியார் முகாம் ஒன்றுக்கு இணையத்தில் ஏறத்தாழ முழு மதிப்பெண். சூரிய உதயம், தீமூட்டி அமரும் இடம், மீன் வறுவல் என்று புகழ்மாலை. இரவு 10 மணிக்குமேல் கழிப்பறை பூட்டப்படும், சாவி உறங்கிவிட்ட காவலாளியிடம் இருக்கும் என்பதை ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள். திருமயம் வட்டாரத்தில் ஒரு சிற்றூர்க் கோயில் திடலோ எந்தச் செயலியிலும் இல்லை. புளியமர நிழல், சமதரை, கைப்பம்பில் நல்ல தண்ணீர், சாலையிலிருந்து போதிய தொலைவு, விடியும்வரை எரியும் விளக்கு. என் குறிப்பேட்டில் அதற்குத்தான் முதலிடம். கழிப்பறை இல்லாததால் இரண்டு மதிப்பெண் குறைவு. மனைவியின் கணக்கில் ஐந்து குறைவு. அவர் கணக்கே சரி. பயண வசதியைப் பெண்களின் கண்கொண்டு அளந்தால் தமிழகத்தின் பல 'நான்கு நட்சத்திர' இடங்கள் தேர்ச்சி பெறா.

வண்டியில் வாழ்பவருக்கு வேண்டியவை எளியவை. சரிவற்ற தரை (சரிவில் நிறுத்தினால் இரவெல்லாம் உருண்டுகொண்டிருக்க வேண்டும்), தாழ்ந்த கிளை இல்லாத நுழைவு, குடிக்கும் நீர், பாத்திரம் கழுவிய நீர் போக வழி, அடுப்பு மூட்டக் காற்று மறைந்த திறந்த கொட்டகை. 1867-ஆம் ஆண்டின் சராய் சட்டமே தங்குமிடம் நடத்துபவர் பதிவு செய்ய வேண்டும், அறைகளையும் வடிகாலையும் தூய்மையாக வைக்க வேண்டும், நீர்நிலை கெடாமல் காக்க வேண்டும், கட்டணப் பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னது. மதிப்புரைக்கு இதைவிட நல்ல வினாத்தாள் வேண்டியதில்லை.

கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் செல்லும் வழிகளில் அமைத்த சத்திரங்களுள் ஒன்று. 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் வழிப்போக்கருக்கு உணவோடு மருத்துவமும், கருவுற்ற பெண்களுக்குப் பேணுதலும் அளிக்கப்படுவதை சரபோஜி விவரித்தார். மானிய நிலங்களின் வருவாயில் நடந்த அறம் அது. இன்றைய மாதிரிகள் வேறு. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, குறைந்தது 50 சென்ட் நிலமும் 5 வண்டிகள் நிற்க இடமும் இருந்தால் பூங்கா அமைக்கலாம் என்றது. முதல் பூங்கா வாகமண்ணில் 2022-இல் வந்தது. குளிர்பதன வண்டியில் வரும் வசதியானவர்களுக்கான திட்டம் என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். அந்த 50 சென்ட் என்ற அளவு கவனிக்கத்தக்கது. நெடுஞ்சாலை ஆணையம் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாகத் திட்டமிடும் வழியோர வளாகங்களுக்குப் பல ஏக்கர் நிலமும் பெருமுதலீட்டாளரும் தேவை. 50 சென்ட் இடத்தை ஓர் ஊராட்சியே ஒதுக்க முடியும்.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அப்படி ஓர் இடம் அமைந்தால், மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று அதை நடத்தலாம். வண்டிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்கலாம். ஆதனக்கோட்டையில் சாலையோரம் முந்திரி வறுத்து விற்கும் பெண்களுக்கு அங்கே ஒரு விற்பனைத் திண்ணை தரலாம். செலவில் பெரும்பகுதி கழிப்பறைப் பராமரிப்புக்கே போகும். கட்டணம் அதற்கு ஈடாகாத மாதங்களும் வரும். அந்தப் பற்றாக்குறையை மாவட்ட நிர்வாகம் சாலைப் பாதுகாப்புச் செலவாகக் கருதி ஏற்பது நியாயம்.

மதிப்புரையையும் அங்கேயே தொடங்கிவிடலாம். கட்டணச் சீட்டின் எண்ணைக் குறிப்பிட்டால் மட்டுமே எழுத முடியும் என்று வைத்தால், தங்காதவர் எழுதுவது நின்றுவிடும். தண்ணீர், விளக்கு, கழிப்பறை, சமையலிடம், பாதுகாப்பு ஆகிய ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண். கழிப்பறைக்கும் பாதுகாப்புக்கும் வண்டியில் வந்த பெண்கள் இடும் மதிப்பெண்ணே கணக்கில் வரட்டும். சென்ற மாத மதிப்பெண்களை, அவை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கட்டணப் பலகைக்குக் கீழே தமிழில் எழுதி வைக்க வேண்டும். அதைப் படித்தபின் தங்குவதா, அடுத்த ஊருக்குப் போவதா என்பதை வண்டியில் வந்தவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.