கோபத்துக்குப் பெயர் சொல்லிப் பாருங்கள்



கூட்டத்தில் தவணைப் பேச்சு எடுத்தாலே சில நேரம் சண்டை வந்துவிடுகிறது. ஒரு சொல் பொறுக்காமல் குழுவை விட்டே போன உறுப்பினர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மேன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 பேருக்குக் கோபமான முகம், பயந்த முகம் உள்ள படங்களைக் காட்டி, அதே நேரத்தில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். 'இது கோபம்', 'இது பயம்' என்று உணர்ச்சியின் பெயரைப் பொருத்தியபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதி அடங்கியது. நெற்றிப் பக்கம், நிதானிக்க உதவும் பகுதி சுறுசுறுப்பானது. வெறும் ஆள் பெயரைப் பொருத்தச் சொன்னபோது அந்த அளவுக்கு அடங்கவில்லை.

படத்தில் உள்ள முகம் வேற, நம்ம கோபம் வேற என்பீர்கள். சரிதான். ஆனாலும் செய்து பார்க்கலாம். "அவ திமிர் புடிச்சவ" என்பது உணர்ச்சியின் பெயர் இல்லை, ஏச்சு. "எனக்குப் பயமா இருக்கு" என்பதுதான் பெயர்.

ஒரு குழுவில் ஊக்குநர், "அக்கா, உங்க மேல கோபம் இல்ல. பேங்க்ல என்ன கேப்பாங்களோன்னு பயமா இருக்கு" என்றார். பாக்கி வைத்த அக்கா எழுந்து போகவில்லை. ரெண்டு தவணையில் கட்டுகிறேன் என்று சொல்லி, அங்கேயே நோட்டில் எழுதச் சொன்னார்.