மரங்கொத்தியின் முதுகு

மரத்தண்டைச் செங்குத்தாகப் பற்றிக்கொண்டு, அலகால் பட்டையைத் தட்டிப் பார்த்து, உள்ளே ஒளிந்திருக்கும் எறும்பையும் வண்டுப் புழுவையும் நீண்ட நாவால் வெளியே இழுத்து உண்ணும் மரங்கொத்திகள் அடர்ந்த காட்டில்தான் வாழும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. தமிழ்நாட்டுச் சமவெளியைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. தென்னந்தோப்பு, வேம்பும் பூவரசும் நிற்கும் பழைய வீட்டு வளாகம், ஏரிக்கரை, கல்லூரித் தோட்டம், சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் என மனிதர் அன்றாடம் கடந்துபோகும் இடங்களிலும், பட்டுப்போன கிளைகளை வெட்டாமல் விட்டிருந்தால், இக்குடும்பத்தின் ஓரிரு இனங்களைக் காண முடிகிறது.

ஊருக்குள் மிகுதியாகத் தென்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. 26 முதல் 29 செ.மீ. வரை நீளமுள்ள, மைனாவைவிடப் பெரிய இப்பறவையின் முதுகு ஒளிரும் பொன்மஞ்சளாகவும் கொண்டை சிவப்பாகவும் இருப்பதால், பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடலாம் என்று தோன்றும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலும் அவற்றை ஒட்டிய தோட்டங்களிலும் பொன்மஞ்சள் முதுகும் சிவந்த கொண்டையும் கொண்ட வேறு மரங்கொத்திகளும் வாழ்வதால், அங்கே இந்த இரண்டு அடையாளங்கள் போதுவதில்லை. ஐயத்தைத் தீர்க்கும் இடங்கள் வேறு: பிடரி, தொண்டை, வால் தொடங்குவதற்குச் சற்று மேலே உள்ள பிட்டம். ஊர்ப்புற இனத்துக்குப் பிட்டம் கருப்பு. தொண்டையும் கருப்பு, அதில் நுண்ணிய வெண்புள்ளிகள் உண்டு. பொன்முதுகு கொண்ட மரங்கொத்திகளுள் தொண்டை, பிட்டம் ஆகிய இரண்டும் கருத்திருப்பது இது ஒன்றே. மலைப்பகுதியில் வாழும், நீண்ட அலகும் வெளிறிய கண்ணும் உடைய பெரிய பொன்முதுகு மரங்கொத்திக்குப் பிட்டம் சிவப்பு. வறண்ட இலையுதிர் காடுகளில் அங்கங்கே காணப்படும் வெண்பிடரி மரங்கொத்திக்குப் பிட்டம் கருப்பாகவே இருந்தாலும், பிடரியிலிருந்து மேல்முதுகு வரை வெண்மை முக்கோணமாக இறங்கி நிற்பதால் அதைத் தனியே பிரித்தறியலாம்.

ஆண், பெண் வேறுபாட்டுக்குத் தலையைப் பார்க்க வேண்டும். பொன்முதுகு மரங்கொத்தியின் ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை முடிய முழுதும் சிவப்பாக இருக்க, பெண்ணுக்கு முன்னந்தலை கருமையில் வெண்புள்ளிகளுடன் அமைந்து, கொண்டையின் பின்பகுதி மட்டும் சிவந்திருக்கும். வெண்பிடரி இனத்தின் பெண்ணுக்கோ உச்சந்தலை மஞ்சள்.

சிறிய இனங்களைப் பலர் பார்த்தும் கவனிக்காமல் போகின்றனர். கருவேல மரங்கள் நிற்கும் வறண்ட வெளிகளில் வாழும் மஞ்சள் நெற்றி மரங்கொத்தி சுமார் 18 செ.மீ. நீளமே உடையது, கரும்பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் இருப்பதால், கரடுமுரடான பட்டையின்மேல் அசையாமல் ஒட்டியிருக்கும்போது கண்ணுக்குப் புலப்படாது. அதனினும் சிறியது, சுமார் 13 செ.மீ. அளவுள்ள பழுப்புத்தலைக் குள்ள மரங்கொத்தி. சிட்டுக்குருவியை ஒத்த பருமனுடைய இது பெருந்தண்டை விட்டு மெல்லிய நுனிக்கிளைகளில் இரை தேடுவதால், பிற சிறு பறவைகளின் கூட்டத்துக்குள் எளிதில் கரைந்துவிடுகிறது. உடல் முழுதும் செம்பழுப்பான இன்னோர் இனம், மரக்கிளையில் எறும்புகள் கட்டும் உருண்டைக் கூட்டைக் குடைந்து, எறும்புகள் உள்ளே வாழும்போதே அதில் முட்டையிடுகிறது. இக்குடும்பத்தின் வியப்புகளுள் தலையாயது இது என்றே சொல்ல வேண்டும்.

மரங்கொத்தியைத் தேடுவோருக்குக் கண்ணைவிடக் காதே முதலில் பயன்படுகிறது. பொன்முதுகு மரங்கொத்தி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும்போது கடகடவென்று உரத்துக் கத்துகிறது. சிறகை அடித்து எழும்பியும் மூடித் தாழ்ந்தும் அலைபோல் செல்லும் அதன் பறத்தலைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். அது தண்டின் கீழ்ப்பகுதியில் வந்தமர்ந்து, இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாக அமைந்த காலால் பட்டையைப் பற்றி, விறைத்த வாலிறகுகளை முட்டுக்கொடுத்து, சிறு தாவல்களாக மேலேறும். ஆள் நெருங்குவதை உணர்ந்தால் தண்டின் மறுபக்கம் நழுவிவிடும். அப்போது மரத்தைச் சுற்றி ஓடுவது வீண். இருந்த இடத்திலேயே அசையாமல் நின்று, சற்று மேலே கேமராவைக் குறிவைத்துக் காத்திருந்தால், பறவை பெரும்பாலும் அங்கே தலைகாட்டும்.

படமெடுப்பவர்கள் கொண்டையும் கண்ணும் கூர்மையாகத் தெரியும் பக்கவாட்டுப் படத்தையே விரும்புகின்றனர். அழகுக்கு அது போதும்; இனத்தை உறுதிசெய்ய முதுகைக் காட்டும் படமே வேண்டும். ஆகவே முதலில் கிடைத்த தருணத்தில் பிடரியும் பிட்டமும் தெரியும்படி ஒன்றை எடுத்துவிட்டு, அதன் பிறகு அழகைத் தேடுவதே சரியான வரிசை. 300 முதல் 400 மி.மீ. வரை குவியத்தூரமுள்ள லென்ஸ் வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமானது. கொத்தும் தலை மங்கலாகாமல் இருக்க, ஷட்டர் வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகவோ அதைவிட விரைவாகவோ இருப்பது நல்லது. அந்தத் தலைக்குள் அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சு போன்ற எலும்பு உண்டு என்ற விளக்கம் நெடுங்காலம் நிலவியது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் சாம் வான் வாசன்பெர்க்கும் அவர் குழுவினரும் அதிவேக வீடியோக்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரை, தலை விறைப்பான சுத்தியலாகவே இயங்குகிறது என்றும், மூளையின் சிற்றளவே அதைக் காக்கிறது என்றும் காட்டியது.

வெளிச்சம்தான் பெரிய இடையூறு. வெளிறிய வானத்தை எதிர்த்து உயரமான தென்னையில் அமர்ந்த பறவையைக் கீழிருந்து எடுத்தால் அது கரிய நிழலாகவே பதியும். எனவே கேமராவில் ஒளியளவைச் சற்றுக் கூட்டியோ, மொட்டை மாடியிலிருந்து பறவையின் மட்டத்துக்கு நிகராகவோ எடுக்க வேண்டும். சூரியன் முதுகுப்புறம் இருக்கும் காலை வேளையில் பொன்னிறம் உள்ளபடியே பதிகிறது. கல்யாண முருங்கையும் இலவும் பூக்கும் நாட்களில் தேனுக்காகவும் மரங்கொத்திகள் வருவதுண்டு என்பதால், இலையற்ற கிளைகளில் மறைவின்றி எடுக்கும் வாய்ப்பும் அப்போது கிடைக்கும்.

பொந்தின் வாயில் எடுக்கும் படங்களில் மட்டும் கட்டுப்பாடு தேவை. அருகில் மனிதர் நின்றுகொண்டிருந்தால் பெற்றோர் இரையுடன் திரும்பத் தயங்கும். குஞ்சு பட்டினி கிடக்கும். படத்துக்காக இலைதழையை விலக்குவதும், பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை அழைப்பதும் அதே காரணத்தால் தவறு. கூட்டுக்கும் முட்டைக்கும் ஊறு செய்வதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தில் கிளியும் மைனாவும் குடியேறுவதால், முண்டமாக நிற்கும் ஒரு தென்னையை விழும் அபாயமில்லாத இடத்தில் அப்படியே விட்டுவைப்பது பல பறவைகளுக்கு வீடு தருவதாகும்.

முதுகின் நிறம் இன்னும் ஆழமான கேள்விக்கு விடையாகும் இடம் இலங்கை. யாழ்ப்பாணத்திலும் வடபுலத்தின் பிற பகுதிகளிலும் வாழும் மரங்கொத்திக்குத் தமிழ்நாட்டில் உள்ளதைப் போன்றே முதுகு பொன்மஞ்சள். தெற்கே செல்லச் செல்ல அதன் நெருங்கிய உறவினமான, இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்தி அந்த இடத்தைப் பிடிக்கிறது. இரண்டும் சந்திக்கும் வடமத்திய நிலப்பகுதியில் அவை கலந்து இனம்பெருக்குவதால், செம்மஞ்சள் தொடங்கிப் பல இடைநிறங்களில் முதுகுடைய பறவைகள் காணப்படுகின்றன. 2016இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இக்கலப்பு இருந்தபோதும் செம்முதுகு மரங்கொத்தியைத் தனி இனமாகக் கொள்வதற்குச் சான்று அளித்தது. அப்பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், நல்ல வெளிச்சத்தில், முதுகு முழுதும் தெரியும்படி எடுத்து நாளும் இடமும் குறித்துவைத்த படம், கலப்பு எதுவரை பரவியுள்ளது என்று தேடும் ஆய்வாளருக்கும் பயன்படும்.