பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெட்ரோல் பம்ப் தேடுகிறீர்களா? எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. இயந்திரம் மட்டும் உயிர் பெறவில்லை. பல மாதங்கள் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுவிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்போருக்கு இது புதிய அனுபவம் அன்று. பெரும்பாலோர் உடனே சொல்வது: “பெட்ரோல் பம்ப் போய்விட்டது.” அடுத்த கணமே கைப்பேசியில் பம்ப் தேடும் படலம் தொடங்கிவிடும்.

அந்த அவசரத்தில்தான் பணமும் வீணாகிறது, சில வேளைகளில் காரும் தீக்கிரையாகிறது. முப்பது ஆண்டுப் பழமையான காரின் எரிபொருள் பாகங்களைத் தேடும்போது, உண்மையில் எது பழுதாகியிருக்கிறது, எதைப் பழைய காரிலிருந்து கழற்றி வாங்கலாம், எதைக் கட்டாயம் புதிதாக வாங்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை தேவை.

இரண்டு இருக்கை கொண்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்க்கலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இதன் முதல் தலைமுறை 1997 வரை தயாரிக்கப்பட்டது. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்ட அந்தத் தலைமுறையில் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் ஆர்வலர்கள் இதைப் பேணி வருகிறார்கள்.

ஓடாமல் நிற்பதே முதல் பகை

பழைய கார் அதிகம் ஓடியதால் கெடுவதைவிட ஓடாமல் நின்றதால் கெடுவது அதிகம். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் குறைந்தது 35 ஆண்டுப் பழமையான கார்கள் சேரலாம். ஆனால், ஆண்டுக்கு 45 நாள்கள் மட்டுமே அவற்றைச் சாலையில் ஓட்ட முடியும். மற்ற நாள்களில் பெட்ரோல் தொட்டிக்குள் அப்படியே கிடக்கும்.

அப்படிக் கிடக்கும் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் குறைகிறது. எஞ்சியது மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறுகிறது. அந்தப் பிசின் இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளை அடைக்கிறது. தொட்டி பாதி காலியாக இருந்தால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படிந்து இரும்புத் தொட்டியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, பம்ப்பின் வாயிலுள்ள வலை வடிகட்டியை அடைக்கிறது. பம்ப் மூச்சுத்திணறிச் சூடாகி நின்றுவிடுகிறது.

தொட்டியைச் சுத்தம் செய்யாமல் புதிய பம்ப் பொருத்தினால் அதற்கும் இதே கதிதான். “புது பம்ப் மூன்று மாதத்தில் போய்விட்டது” என்று கடைக்காரரைக் குறைகூறுவோர், முதலில் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

பம்ப்பை வாங்குமுன் பம்ப்பைச் சோதியுங்கள்

எம்எக்ஸ்-5 காரின் இயந்திர அறையில் பழுதறியும் இணைப்புப் பெட்டி ஒன்று உண்டு. அதில் ‘எஃப்/பி’, ‘ஜிஎன்டி’ என்று குறிக்கப்பட்ட இரு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், இயந்திரம் சுற்றாமலேயே பம்ப் ஓட வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாயருகே காதை வைத்தால் அதன் முனகல் கேட்கும். கேட்டால் பம்ப்புக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். கேட்காவிட்டாலும் பம்ப்தான் குற்றவாளி என்று முடிவுகட்டக்கூடாது. ஃபியூஸ், ரிலே, தரை இணைப்புக் கம்பி ஆகியவற்றைப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வரலாம்.

1.6 லிட்டர் இயந்திரத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவிக்குள் ஒரு மடல் இருக்கும். காற்று அதைத் தள்ளும்போது உள்ளிருக்கும் சிறு சுவிட்ச் மூடிக்கொள்ளும். இயந்திரம் ஓடும்போது பம்ப்புக்கு மின்சாரம் கிடைப்பது அந்தச் சுவிட்சின் தயவால்தான். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டர் வழியாக மின்சாரம் வந்துவிடும். ஆகவே, இயந்திரம் பற்றிக்கொண்டு, சாவியை விட்டதும் அணைந்தால் சந்தேகம் முதலில் அந்தக் காற்றளவி மீதுதான் விழ வேண்டும். புதிய பம்ப் வாங்கினாலும் அந்தக் கோளாறு தீராது.

அழுத்தத்தை அளப்பது அடுத்த கட்டம். இந்தக் காரில் அழுத்தச் சீராக்கியின் வெற்றிடக் குழாயைக் கழற்றிவிட்டு அளந்தால் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கழற்றிய அந்தக் குழாயில் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் சீராக்கியின் உட்சவ்வு கிழிந்திருக்கிறது.

ஹாஃப்-கட் கடையில் என்ன கிடைக்கும்?

பழைய ஜப்பானியக் காருக்கு உதிரிபாகம் என்றதும் மலேசியாவில் பலர் நேராகச் செல்வது ஹாஃப்-கட் கடைகளுக்குத்தான். ஜப்பானில் சாலையிலிருந்து நீக்கப்பட்ட கார்களின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்து விற்கும் கடைகள் இவை. இயந்திரம், கியர் பெட்டி முதல் மின்கம்பித் தொகுதி வரை ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆனால், பெயரிலேயே அதன் வரம்பும் இருக்கிறது. வெட்டப்பட்டு வருவது முன்பாதி. எம்எக்ஸ்-5 காரின் பெட்ரோல் தொட்டியோ இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பம்ப் அந்தத் தொட்டிக்குள் இருக்கிறது. ஃபில்டர் பின்சக்கரத்துக்கு முன்னே காரின் அடியில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஹாஃப்-கட்டில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இன்ஜெக்டர்கள், அவற்றைத் தாங்கும் எரிபொருள் தண்டு, சீராக்கி, காற்றளவி, ரிலே ஆகியவற்றுக்கு மட்டுமே அந்தக் கடை ஏற்ற இடம். தொட்டி வேண்டுமென்றால் முழுக் காரையும் பிரித்து விற்பவரைத்தான் நாட வேண்டும்.

பழையது, புதியது: ஒரு கோடு

பழையதா, புதியதா என்ற கேள்விக்கு எளிய விதி ஒன்று உண்டு. உலோகப் பாகங்களைப் பழையதில் தேடலாம். ரப்பராலானதையும் மோட்டார் உள்ளதையும் புதிதாகவே வாங்க வேண்டும்.

எரிபொருள் தண்டு, துருவில்லாத தொட்டி, தாங்கிகள் போன்றவை பழையவையாக இருப்பதில் தவறில்லை. இன்ஜெக்டரையும் பழையதாக வாங்கலாம், ஆனால் அப்படியே பொருத்தக்கூடாது. மீயொலித் தொட்டியில் சுத்தம் செய்து, நான்கையும் சோதனை மேசையில் ஓடவிட்டு, ஒரே நேரத்தில் எவ்வளவு பீய்ச்சுகின்றன என்று ஒப்பிடும் பட்டறைகள் உண்டு. அங்கேயே உள்வடிகட்டியையும் ரப்பர் வளையங்களையும் மாற்றிக்கொள்ளலாம். நான்கில் ஒன்று மட்டும் குறைவாகப் பீய்ச்சினால் அந்த உருளையில் கலவை மெலிந்து இயந்திரம் நடுங்கும்.

பழைய பம்ப்பை வாங்குவது அடுத்தவருடைய தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம். ஃபில்டரும் அப்படித்தான்.

குழாயில் சிக்கனம் வேண்டாம்

எல்லாவற்றிலும் மலிவானது ரப்பர் குழாய். ஆபத்தும் அதில்தான் அதிகம். கறுப்பு நிறத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு அதன் மேல் அச்சிடப்பட்ட எழுத்துகளில்தான் தெரியும்.

‘எஸ்ஏஇ ஜே30ஆர்7’ என்று இருந்தால் அது கார்புரேட்டர் கார்களின் குறைந்த அழுத்தத்துக்கானது. ‘ஆர்9’ என்பது இன்ஜெக்டர் கார்களின் உயர் அழுத்தத்தைத் தாங்குவது. தொட்டிக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்க வேண்டிய சிறு குழாய்க்கு ‘ஆர்10’ தேவை. மற்ற குழாய்களின் உட்புறம் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்புறம் தாங்காது. ஆர்9 குழாயைத் தொட்டிக்குள் போட்டால் வெளிப்புறம் ஊறிப் பிளந்துவிடும்.

குழாயை இறுக்கும் வளையத்திலும் கவனம் வேண்டும். துளைகள் வெட்டப்பட்ட சாதாரணத் திருகு வளையம் ரப்பரை அறுக்கும். விளிம்பு மழுங்கிய, இன்ஜெக்டர் குழாய்களுக்கென்றே செய்த வளையம் சில ரிங்கிட்தான் கூடுதல். 3 பார் அழுத்தத்தில் ஊசிமுனை அளவு கசிந்தாலே பெட்ரோல் பனிபோல் தெளிக்கும். அது சூடான புகைக்குழாயில் பட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணைக் கேளுங்கள், பெயரை அல்ல

“எம்எக்ஸ்-5 பம்ப் இருக்கிறதா?” என்று கேட்பதைவிடப் பாக எண்ணைச் சொல்லிக் கேட்பது மேல். மாஸ்டாவின் பாக எண் பொதுவாக மூன்று துண்டுகளாக இருக்கும். முதல் துண்டு, அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்கு அல்லது இயந்திரத்துக்கு உருவாக்கப்பட்டது என்பதைக் காட்டும். நடுத்துண்டு 13 என்றால் எரிபொருள் செலுத்தும் பகுதி, 42 என்றால் தொட்டிப் பகுதி. மூன்றாவது துண்டு பாகத்தைக் குறிக்கும். கடைசியில் ஏ, பி என்று எழுத்து வந்தால் அது திருத்தப்பட்ட பதிப்பு. ஆகவே, பழைய எண் கிடைக்கவில்லை என்றால் அதற்கு மாற்றாக வந்த புதிய எண் உண்டா என்று கேட்க வேண்டும்.

இந்த வழக்கத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் இயந்திரம், மாஸ்டா 323 குடும்பக் காரில் இருந்த ‘பி6’ இயந்திர வரிசையைச் சேர்ந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரில் தேடினால் கிடைக்காத சில பாகங்கள், எண் ஒத்துப்போனால் சாதாரணக் காரின் பெயரில் கிடைக்கக்கூடும். எண் ஒத்துப்போகாவிட்டால் தோற்றம் ஒன்றாக இருந்தாலும் வாங்கக்கூடாது.

“அசலைவிடச் சக்தி அதிகம்” என்று விற்கப்படும் பம்ப்புகளிலும் எச்சரிக்கை தேவை. வால்ப்ரோ போன்ற புகழ்பெற்ற பெயர்களில் போலிகள் தாராளமாக உலவுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருப்பதே முதல் அறிகுறி. அசலே ஆனாலும், மாற்றம் எதுவும் செய்யாத இயந்திரத்தில் மிகப் பெரிய பம்ப்பைப் பொருத்தினால், திரும்பி வரும் பெட்ரோலைச் சமாளிக்க முடியாமல் சீராக்கி திணறும். அழுத்தம் ஏறி, இயந்திரம் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும்.

தயாரிப்பாளர்களே பழைய பாகங்களை மீண்டும் செய்யத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. மாஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கான புதுப்பிப்புத் திட்டத்தை 2017-இல் ஜப்பானில் அறிவித்தது. அதே ஆண்டு நிசானின் நிஸ்மோ பிரிவு, ஆர்32 ஜிடி-ஆர் காருக்கான பாகங்களை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டொயோட்டா 2020-இல் சூப்ரா ஏ70, ஏ80 கார்களுக்குச் சில பாகங்களை மறு உற்பத்தி செய்வதாக அறிவித்தது. ஏ70 காருக்கான எரிபொருள் அளவு உணர்கருவியும் அவற்றுள் ஒன்று.

எல்லை கடப்போருக்கு

அந்த உணர்கருவி சிங்கப்பூரர்களுக்குச் சிறு பாகம் அன்று. சிங்கப்பூரில் பதிவான கார் தரைவழியாக மலேசியாவுக்குச் செல்லும்போது தொட்டியில் குறைந்தது முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். தொட்டி நிறைந்திருந்தும் முள் பாதியில் நின்றால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்லும் நிலை வரலாம்.

வடக்கே ஹட்யாய் வரை ஓட்டிச் செல்வோர் அங்குள்ள பம்ப்பில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் விற்கப்படும் காசோகாலில் பொதுவாக 10 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கும். ‘இ20’ என்றால் 20 விழுக்காடு. எத்தனால் பழைய ரப்பரை ஊதச் செய்யும், தொட்டியின் அடியில் படிந்த பிசினையும் கரைத்துக் கிளப்பிவிடும். 1990களின் காருக்கு இ20 வேண்டாம்.

கழற்றுமுன்

ஃபில்டரையோ பம்ப்பையோ கழற்றுமுன் குழாயில் தேங்கியிருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது பம்ப் ரிலேயைப் பிடுங்கி, தானாக அணையும்வரை விட்டால் போதும். பிறகு மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். அடுக்குமாடி வீடுகளின் மூடிய கார் நிறுத்துமிடம் இதற்கு ஏற்ற இடமன்று. அனுபவம் இல்லாதவர்கள் பாகத்தை வாங்கிப் பட்டறையில் கொடுப்பதே நல்லது.

வேலை முடிந்ததும் இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரல் உலர்ந்திருந்தால்தான் காரை வெளியே எடுக்கலாம்.