லினக்ஸ் கணினியில் பைத்தான் இயக்கச் சூழல்

ஒரு நிரல்மொழியில் எழுதிய நிரல் கணினியில் ஓடுவதற்குத் துணைநிற்கும் மென்பொருள்களின் தொகுதி இயக்கச் சூழல் எனப்படும். பைத்தானைப் பொறுத்தவரை வரிமொழிமாற்றி, அதனுடன் வரும் செந்தர நூலகம், பிறர் எழுதிய கூடுதல் தொகுப்புகள், இவற்றைத் தேடுவதற்கான பாதைகள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே இயக்கச் சூழல். விண்டோசில் இதை நாமே இறக்கி நிறுவுகிறோம். லினக்சில் பெரும்பாலும் அது முன்பே இருக்கிறது. இருந்தும் மாணவர் எழுதிய நிரல் ஓடுவதில்லை. அது ஏன், கணினியைக் கெடுத்துக்கொள்ளாமல் அதை எப்படி ஓடவைப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதில் வரும் கட்டளைப் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம் உள்ளது. அங்குள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, 2005-இல் கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளம் இந்த முயற்சியின் பகுதியாகச் சென்னை சி-டாக்கில் உருவானது. அது டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் பாஸ் இருந்தது. உபுண்டுவும் டெபியனின் வழிவந்ததே. எனவே டெபியனுக்குப் பொருந்துவது பெரும்பாலும் இவை இரண்டுக்கும் பொருந்தும்.

2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானை முதன்மை மொழியாக வைத்தது. ஆனால் நூலின் விளக்கங்கள் விண்டோசை மனத்தில் கொண்டவை. ஐடில் சாளரம், சி++ நிரலுக்கு மின்ஜிடபிள்யூ, மேட்பிளாட்லிப்பை நிறுவப் பிப் என்றுதான் பாடம் நகர்கிறது. வீட்டில் லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர் இதே படிகளை அப்படியே செய்தால் மூன்று இடங்களிலும் தடுமாறுவார். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது இது சிறிய தொல்லை அல்ல.

உள்ளே நடப்பது

பைத்தான் நிரலை நேராகச் செயலி புரிந்துகொள்வதில்லை. வரிமொழிமாற்றி முதலில் மூலநிரலைப் பைட்குறி என்ற இடைநிலை வடிவமாக மாற்றுகிறது. வேறு நிரலிலிருந்து இறக்குமதி செய்யப்படும் கோப்புகளுக்கு இந்தப் பைட்குறி ஒரு தனி அடைவில் சேமிக்கப்படுவதையும் காணலாம். பின்னர் வரிமொழிமாற்றிக்குள் இருக்கும் மெய்நிகர் பொறி அதை ஒவ்வொரு படியாக நிறைவேற்றுகிறது. திரையில் ஒரு சொல்லை அச்சிடச் சொன்னால், அந்த வேண்டுகோள் மெய்நிகர் பொறியிலிருந்து சி மொழி நூலகத்துக்கும், அங்கிருந்து இயங்குதளத்தின் கருவுக்கும் போகிறது. எழுத்தை உண்மையில் வெளியே அனுப்புவது கருதான். ஒரே பைத்தான் நிரல் விண்டோசிலும் லினக்சிலும் ஓடக் காரணம் இதுவே. நிரல் மாறுவதில்லை, அடியில் உள்ள இயக்கச் சூழல் மட்டும் அந்தந்த இயங்குதளத்துக்கேற்பக் கட்டப்பட்டிருக்கிறது.

இரண்டு உரிமையாளர்கள்

லினக்சில் பைத்தானை மாணவருக்கு முன்பே ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். அந்த ஒருவர் இயங்குதளமே. மென்பொருள் புதுப்பிப்பு, அமைப்புச் சாளரங்கள் போன்ற பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அவை ஒரு குறிப்பிட்ட பதிப்பை நம்பியிருக்கின்றன. 2019-இன் டெபியன் 10-இல் பைத்தான் 3.7, 2021-இன் டெபியன் 11-இல் 3.9, 2023-இன் டெபியன் 12-இல் 3.11 என்று வெளியீட்டுக்கு ஒரு பதிப்பு. உபுண்டு 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12.

இதை அறியாமல் "பழைய பைத்தானை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாம்" என்று மாணவர் நினைப்பது இயல்பு. விண்டோசில் அது சரியான வழிதான். லினக்சில் பைத்தான்3 தொகுப்பை நீக்கச் சொன்னால், அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து நீக்கலாமா என்று கணினி கேட்கும். பட்டியலைப் படிக்காமல் ஆம் என்று சொன்னால் திரைமுகப்பே போய்விடலாம். நீக்காமல், பைத்தான்3 என்ற பெயரை மட்டும் வேறு பதிப்புக்குத் திருப்பிவிடுவது இன்னொரு தவறு. உபுண்டுவில் இப்படிச் செய்தவர்களுக்கு முனையச் சாளரம் திறக்காமல் போனதுண்டு, ஆப்ட் கருவியின் துணைநிரல்கள் பிழை காட்டியதும் உண்டு. நான் மாணவர்களிடம் சொல்வது: அது வீட்டுக்காரரின் மின்னிணைப்பு, நமக்கு வேண்டிய விளக்கை நாம் தனியாக மாட்டிக்கொள்ளலாம், மெயினில் கைவைக்கக் கூடாது.

முதல் தடை: பெயர்

முனையத்தில் பைத்தான் என்று மட்டும் தட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று விடை வரும். இது பைத்தான் இல்லை என்பதன் அடையாளம் அல்ல. பைத்தான் 2-உம் 3-உம் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஆகவே நீண்ட காலம் பைத்தான் என்ற பெயர் 2-க்கும் பைத்தான்3 என்ற பெயர் 3-க்கும் இருந்தது. 2020 ஜனவரி 1-உடன் பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது. பழைய பெயரைச் சட்டென்று புதியதற்குக் கொடுத்தால் பழைய நிரல்கள் குழம்பும் என்று, டெபியனும் உபுண்டுவும் அதைக் காலியாகவே விட்டன. பைத்தான்3 என்று தட்டினால் போதும். உபுண்டுவில் அந்தக் கட்டளை இல்லையே, பைத்தான்3 என்பதைச் சொல்கிறீர்களா என்று திருப்பிக் கேட்கும் சிறு கருவியும் பைத்தானில் எழுதப்பட்டதுதான்.

எந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதைப் பாதை என்ற சூழல் மாறி தீர்மானிக்கிறது. அதில் வரிசையாக எழுதப்பட்ட அடைவுகளில் கணினி ஒவ்வொன்றாகத் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். ஒரே கணினியில் இரண்டு பைத்தான் இருந்து, ஒன்றில் நிறுவிய தொகுப்பை மற்றொன்று இல்லை என்று சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

பாடநூலுக்கு வேண்டியவை

பாடநூல் காட்டும் ஐடில் சாளரம் டெபியன் குடும்பத்தில் தனித் தொகுப்பு. பைத்தான் இருந்தாலும் ஐடில் இருக்காது. சுடோ ஆப்ட் இன்ஸ்டால் என்ற கட்டளைக்குப் பின் ஐடில் என்று சேர்த்தால் வந்துவிடும். சாளரம் வரைவதற்கான டிகே நூலகமும் அதனுடன் வரும்.

சி++ பகுதிக்கு மின்ஜிடபிள்யூ தேவையில்லை. அது ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பியை விண்டோசுக்குக் கொண்டுவந்த வடிவம். லினக்சில் ஜி++ என்ற தொகுப்பை நேரடியாக நிறுவலாம். எஸ்கியூலைட் தரவுதளப் பாடத்துக்கு ஒன்றும் நிறுவ வேண்டாம், அது செந்தர நூலகத்திலேயே உண்டு.

மேட்பிளாட்லிப் வரைபடப் பாடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். பாடநூல் சொல்வதுபோல் பிப் கொண்டு நிறுவ முயன்றால், டெபியன் 12-இலும் 2023-க்குப் பின் வந்த உபுண்டுகளிலும், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு செய்தி வந்து வேலை நின்றுவிடும். இது பழுது அல்ல, வேண்டுமென்றே போட்ட பூட்டு. முன்பு சுடோவுடன் பிப்பை ஓடவிட்டால், புதிய தொகுப்பு கணினி முழுமைக்குமான இடத்தில் உட்கார்ந்து, இயங்குதளத்தின் சொந்தத் தொகுப்பை மறைத்துவிடும். இயங்குதளக் கருவிகள் தாம் எதிர்பாராத பதிப்பைப் பெற்றுப் பிழை காட்டும். அதைத் தடுக்கவே பூட்டு. அதைத் திறக்கும் ஒரு விருப்பமும் பிப்பில் உண்டு. கணினியின் தொகுப்புகளை உடை என்ற பொருளில்தான் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இணையத்தில் அந்த விருப்பத்தை எளிய தீர்வாகச் சொல்பவர்கள் நிறைய. அதைப் பின்பற்றாமல் இருப்பது நல்லது.

பாடநூலின் தேவைக்கு மட்டும் என்றால் எளிய வழி ஆப்ட்தான். பைத்தான்3-மேட்பிளாட்லிப் என்ற பெயரில் அது களஞ்சியத்தில் இருக்கிறது. டெபியன் தன் பைத்தானுக்குப் பொருந்தும்படி அதைக் கட்டியே வைத்திருப்பதால் பழைய மடிக்கணினிகளிலும் தகராறு இல்லை. பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கலாம். கோட்டு வரைபடமும் வட்ட வரைபடமும் வரைய அது எந்த விதத்திலும் குறையில்லை.

மெய்நிகர் சூழல்

களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து தொகுப்பு வேண்டும்போது மெய்நிகர் சூழலை அமைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஓப்பன்-தமிழ் நூலகத்தின் அண்மைப் பதிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் தேவை தமிழ் மாணவருக்கு விரைவில் வரும். பைத்தான் 3-இல் தமிழ் என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். ஏனெனில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியில் ஐந்து குறிகள். அதே கேள்விக்குப் பைத்தான் 2 பொதுவாக 15 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். நம் கணக்குப்படி எழுத்து மூன்றுதான். அந்த மூன்றைப் பிரித்துத் தருவது ஓப்பன்-தமிழ். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை இதன் பின்னணியிலும் இருக்கிறார். எழிலும் பைத்தானில் எழுதப்பட்டதே. அதாவது எழில் நிரல் ஓடப் பைத்தான் இயக்கச் சூழல் வேண்டும், அது ஓட ஓர் இயங்குதளம் வேண்டும்.

மெய்நிகர் சூழல் என்ற பெயர் பெரிதாகத் தோன்றினாலும் அது ஓர் அடைவுதான். அதில் கணினியின் பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்பு, தனக்கென ஒரு பிப், தொகுப்புகளை வைக்க ஓர் இடம் ஆகியவை இருக்கும். டெபியன் குடும்பத்தில் இதற்கான பகுதியும் தனித் தொகுப்பு. முதலில் பைத்தான்3-வென்வ் என்பதை ஆப்ட் வழியே நிறுவ வேண்டும். பின் பைத்தான்3 கட்டளைக்கு எம் என்ற விருப்பத்துடன் வென்வ் என்ற கூறையும் ஓர் அடைவுப் பெயரையும் கொடுத்தால் சூழல் உருவாகும். அந்த அடைவில் பின் என்பதற்குள் இருக்கும் ஆக்டிவேட் கோப்பை சோர்ஸ் கட்டளையால் ஏற்றினால், பாதை மாறியின் முதலிடத்தில் இந்த அடைவு வந்து நிற்கும். இனி அந்த முனையத்தில் பிப் தடையின்றி வேலை செய்யும். பைத்தான் என்று 3 இல்லாமல் தட்டினாலும் இங்கே ஓடும். முனையத்தை மூடினால் பழைய நிலை திரும்பிவிடும். அடுத்த நாள் ஏற்ற மறந்துவிட்டு, நேற்று நிறுவியது காணவில்லை என்று தேடுபவர்கள் பலர்.

இங்கே மேட்பிளாட்லிப்பையும் பிப் வழியே நிறுவினால் ஒரு புதிர் எழலாம். நிரல் பிழையின்றி முடியும், படம் மட்டும் வராது. காட்ட முடியாத வகைப் படம் என்ற எச்சரிக்கை ஒன்று வரும். சாளரம் வரையும் டிகே நூலகம் இல்லாததுதான் காரணம். டிகே பிப் வழியே வராது. ஆப்ட் வழியே பைத்தான்3-டிகே நிறுவினால் மெய்நிகர் சூழலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

மூலநிரலிலிருந்து கட்டுதல்

களஞ்சியத்தில் இல்லாத பைத்தான் பதிப்பே வேண்டுமென்றால் மூலநிரலை இறக்கி நாமே கட்டலாம். கான்ஃபிகர், மேக் என்று இரண்டு படிகள். ஆனால் எஸ்எஸ்எல், ஸீலிப், எஸ்கியூலைட், டிகே முதலியவற்றின் வளர்ப்புத் தொகுப்புகளை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் கட்டும் வேலை பெரும்பாலும் வெற்றி என்றே முடியும். எந்தெந்தக் கூறுகள் விடுபட்டன என்பது கடைசி வரிகளில் அமைதியாக எழுதப்பட்டிருக்கும். எஸ்எஸ்எல் விடுபட்டால் பிப்பால் இணையத்திலிருந்து எதையும் இறக்க முடியாது. எஸ்கியூலைட் விடுபட்டால் தரவுதளப் பாடம் ஓடாது. நிறுவும் படியில் மேக் இன்ஸ்டால் என்பதற்குப் பதில் மேக் ஆல்ட்இன்ஸ்டால் என்று கொடுக்க வேண்டும். அப்போது பதிப்பு எண்ணுடன் கூடிய பெயர் மட்டுமே உருவாகும், பைத்தான்3 என்ற பெயர் இயங்குதளத்திடமே இருக்கும். பள்ளி மாணவருக்கு இந்த வழி தேவைப்படுவது அரிது.

பென்டிரைவில் வந்த நிரல்

பள்ளி ஆய்வகத்தின் விண்டோசில் எழுதிய நிரலை வீட்டு லினக்சுக்குக் கொண்டுவரும்போது ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. லினக்சில் நிரலின் முதல் வரியில் #! குறியிட்டு வரிமொழிமாற்றியின் இடத்தை எழுதினால், கோப்புக்குச் செயல்படுத்தும் அனுமதி தந்து நேரடியாக இயக்கலாம். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை இடுகிறது, லினக்ஸ் ஒன்றையே இடுகிறது. கூடுதலாக உள்ள கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறியையும் லினக்ஸ் பெயரின் பகுதியாக எண்ணி, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொல்லும். நிரல் கண்முன்னே இருக்கும்போது இந்தச் செய்தி குழப்பும். டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு கருவி வரிமுடிவுகளைச் சீராக்கும். பைத்தான்3 என்று தட்டி நிரலின் பெயரைக் கொடுத்து இயக்கினால் இந்தச் சிக்கலே எழாது. பைத்தான் இரு வகை வரிமுடிவுகளையும் ஏற்கும்.

இயங்குதளத்தைப் புதிய வெளியீட்டுக்கு உயர்த்தினால், எடுத்துக்காட்டாக 3.11-இலிருந்து 3.13-க்குப் பைத்தான் மாறினால், பழைய மெய்நிகர் சூழல்கள் ஓடாமல் நிற்கும். அவற்றைப் பழுது பார்க்க முயல வேண்டாம். உயர்த்தும் முன் பிப் ஃபிரீஸ் கட்டளையால் தொகுப்புகளின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டால் போதும். பின்னர் அந்த அடைவை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கி, பட்டியலைப் பிப்பிடம் கொடுக்கலாம். மாணவர் எழுதிய நிரல்களை மட்டும் அந்த அடைவுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.