கோட்டாற்றுக் கல்லறையும் யோபுவின் புத்தகமும்

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் எலும்புகளைக் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தக் கல்லறைக்கு மெழுகுவர்த்தியோடு வருகிறவர்கள் அவருடைய பாடுகளைத்தான் பேசுகிறார்கள். அவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அது யோபுவின் புத்தகம்.

கதை இந்தக் குமரி மாவட்டத்துக்குத் தெரிந்ததுதான். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே தளபதியானவர் டிலனாய். டச்சுக் கம்பெனிக்காகப் போரிட வந்தவர் என்றாலும் அவர் கத்தோலிக்கர். நட்டாலத்தில் பிறந்து அரண்மனை உத்தியோகத்தில் இருந்த நீலகண்ட பிள்ளை அவருக்கு நண்பரானார். பிள்ளையின் கால்நடைகள் செத்தன, சொத்து கரைந்தது. மனம் உடைந்திருந்தவருக்கு டிலனாய் சொன்னது, ஒரே நாளில் மந்தைகளையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்த யோபுவின் கதை. 1745-இல் வடக்கன்குளத்தில் பிள்ளை ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார்.

யோபுவின் அந்த 42 அதிகாரங்களை இன்றைக்குக் கோட்டாற்றைச் சுற்றி எத்தனை விதமாக வாசிக்கிறார்கள்! சவேரியார் கோயிலிலிருந்து சற்றே நடந்தால் நாகர்கோவிலின் சி.எஸ்.ஐ. ஹோம் சர்ச். லண்டன் மிஷன் வழி வந்த சபை அது. லுத்தரன் சபை, இரட்சணிய சேனை, வீதிக்கு வீதி பெந்தெகொஸ்தே ஜெபவீடுகள். புத்தகம் ஒன்றுதான், ஒவ்வொருவரும் விரலை வைக்கும் பக்கம் வேறு.

கத்தோலிக்க மரபில் யோபுவை வாசிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் பெரிய கிரகோரியார் 35 பாகங்களில் யோபுவுக்கு விளக்கம் எழுதினார். அவருக்கு யோபு, பாடுபடும் கிறிஸ்துவின் முன்னடையாளம், திருச்சபையின் முகம். தேவசகாயத்தை எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனதை நம் பாட்டிமார் கிறிஸ்துவின் சிலுவைப்பாதையோடு சேர்த்தே சொல்வதில் அந்த வாசிப்பு உயிரோடு இருக்கிறது.

ஜெனிவாவில் சீர்திருத்தவாதி கால்வின் 1554, 55-இல் யோபுவைப் பற்றி மட்டும் 159 பிரசங்கங்கள் செய்தார். அவர் அழுத்தியது கடவுளின் சர்வ அதிகாரத்தை: காரணம் நமக்குத் தெரியாவிட்டாலும் அவர் நீதியுள்ளவர். சீர்திருத்த மரபில் வளர்ந்த நம் சபைகளின் துக்க வீட்டு ஜெபங்களில் இதன் சாயல் கேட்கும். ஆறுதல் தரும் வாசிப்புதான். ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிற யோபுவை அது சீக்கிரம் அமைதிப்படுத்திவிடுகிறது என்பது என் எண்ணம். அந்தக் கதறலுக்குக் காது கொடுத்தவர் பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குத்தியெரெஸ். 1986-இல் வெளிவந்த நூலில், குற்றமற்ற ஏழைகள் படும் துன்பத்தின் நடுவே கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது என்ற கேள்வியோடு அவர் யோபுவிடம் போகிறார். தோள்சீலை அணியும் உரிமைக்காக அடிபட்ட பெண்களின் பேத்திகள் இருக்கும் மண்ணில் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

ஜெபவீடுகளில் விரல் கடைசி அதிகாரத்தில் நிற்கும். இழந்ததற்கு இரண்டு மடங்கு திரும்பி வந்தது, ‘இரட்டிப்பான ஆசீர்வாதம்’. கடனில் மூழ்கியவருக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவருக்கும் அந்த நம்பிக்கை எத்தனை பெரியது என்று எனக்குத் தெரியும். அதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வசனம் அங்கே இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் கோட்டாற்றில் நின்றுகொண்டு அந்த அதிகாரத்தோடு வாசிப்பை முடித்துவிட முடியாது. யோபுவின் கதையைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்த மனிதருக்கு மந்தை திரும்ப வரவில்லை. உத்தியோகம் போனது, 1749-இல் சிறைப்பட்டார், மூன்றாண்டு சித்திரவதைக்குப் பிறகு குண்டுகள். இரட்டிப்பு மட்டும்தான் யோபுவின் செய்தி என்றால், தேவசகாயம் தவறான புத்தகத்தை நம்பியவராகிவிடுவார். அவர் பற்றிக்கொண்டது வேறொரு இடம் என்றே நினைக்கிறேன்: மீட்பர் உயிரோடிருக்கிறார், அவரை நான் காண்பேன் என்று யோபு அறிக்கையிடும் 19-ஆம் அதிகாரம். இறந்தோருக்கான திருப்பலியிலும் ஆங்கிலிக்கன் வழி வந்த அடக்க ஆராதனையிலும் இடம்பெறும் பகுதி அது. இங்கே எல்லாச் சபைகளின் கல்லறைத் தோட்டங்களும் ஒத்துப்போகின்றன.

எந்தச் சபையிலும் அதிகம் வாசிக்கப்படாதது நடுப்பகுதி. மூன்று நண்பர்கள் கடவுளுக்காக வாதாடுகிறார்கள்: நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்த அடி. முடிவில் கடவுள் கோபப்படுவது தம்மோடு வழக்காடிய யோபுவின் மேல் அல்ல, தமக்காகப் பேசிய அந்த நண்பர்கள் மேல். துக்க வீட்டுக்குப் பைபிளோடு போகிற குருவானவரும் போதகரும் நாமும் முதலில் வாசித்துவிட்டுப் போக வேண்டிய அதிகாரங்கள் அவை. ஜனவரி 14 நினைவுநாளை ஒட்டி, கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யாரும் பெந்தெகொஸ்தே சகோதரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து 42 வரை எதையும் தாண்டாமல் சத்தமாக வாசிக்கலாம். சில மணி நேர வேலைதான். அந்தப் புத்தகத்தை ஒரு மனிதர் உயிர் கொடுத்து வாசித்த ஊர் இது.