கோன்ட் குடும்பமும் மூன்று இலத்தீன் சொற்களும்

ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களை வாசிக்கத் தொடங்குவோரை முதலில் மலைக்க வைப்பது அவற்றின் மொழியன்று; உறவுமுறையே. எத்தனையோ ஹென்றிகள், எத்தனையோ எட்வேர்டுகள். யார் யாருக்குச் சிற்றப்பன், யார் யாருக்குப் பேரன் என்று விளங்காமல் நல்ல வாசகர்களும் பாதியில் நூலை மூடி வைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஒரேயொரு பிரபுவின் குடும்பத்தை அறிந்துகொண்டால் போதும். 'இரண்டாம் றிச்சர்ட்' தொடக்கம் 'மூன்றாம் றிச்சர்ட்' வரையான எட்டு நாடகங்களும் ஒரு குடும்ப வழக்காகத் தெளிந்துவிடும். அந்தப் பிரபுதான் லங்காஸ்டர் கோமகன் ஜோன் ஒஃப் கோன்ட். நேயர்களே, இன்று அவருடைய குடும்பத்தைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

மூன்றாம் எட்வேர்ட் மன்னனின் மகனாக 1340ஆம் ஆண்டில் பிளாண்டர்ஸ் நாட்டின் கென்ட் நகரில் பிறந்தவர் ஜோன். அந்த ஊர்ப்பெயரே ஆங்கிலேயர் நாவில் 'கோன்ட்' ஆயிற்று. மெலிந்தவன் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் உண்டு. மரணப் படுக்கையில் கிடக்கும் கோன்ட் தன் பெயரை வைத்தே சிலேடை பேசுவதாக ஷேக்ஸ்பியர் அமைத்தது இதனால்தான். ஆனால் அயலூர்ப் பிறப்பு அவருக்குத் துன்பத்தையும் தந்தது. அவர் அரசனுடைய பிள்ளையே அல்லர், கென்ட் நகரத்து இறைச்சிக் கடைக்காரன் ஒருவனின் மகன் என்று 1376ஆம் ஆண்டளவில் பகைவர்கள் கதை கட்டிவிட்டனர். பிறப்பைச் சொல்லிப் பழிப்பது எல்லா நாட்டிலும் மலிவான ஆயுதம் போலும். அந்த ஆயுதம் கோன்டின் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை.

கோன்ட் மூன்று முறை மணம் செய்தார். அவரது வமிசமும் மூன்று கிளைகளாகப் பிரிகின்றது.

முதல் மனைவி பிளான்ஷ். 1359இல் திருமணம் நடந்தது. பிளான்ஷின் தந்தையும் தமக்கையும் அடுத்தடுத்து இறந்துபோக, லங்காஸ்டர் குடும்பத்தின் முதுசொம் முழுவதும் அவரிடம் வந்து சேர்ந்தது. 1362இல் கோன்ட் கோமகனானார்; நாட்டில் அரசனுக்கு அடுத்த பெருஞ் செல்வர் அவரே என்னும் நிலை வந்தது. 1368இல் பிளான்ஷ் இறந்தபோது அத்துயரைப் பொருளாகக் கொண்டு இளங்கவிஞர் ஒருவர் ஒரு நெடுங்கவிதை பாடினார். அவர்தான் ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் ஜெஃப்ரி சோசர். அந்நூல் 'கோமகளின் நூல்'.

பிளான்ஷின் மகன் ஹென்றி. கோன்டின் தமையன் மகனான இரண்டாம் றிச்சர்ட், பத்து வயதில் 1377இல் முடிசூடியவன். 1399இல் கோன்ட் இறந்ததும், நாடு கடத்தப்பட்டிருந்த ஹென்றிக்குரிய முதுசொத்தை அவன் பறித்துக்கொண்டான். ஹென்றி திரும்பி வந்து அரியணையையே பறித்து, நான்காம் ஹென்றியானான். ஐந்தாம் ஹென்றி கோன்டின் பேரன். ஆறாம் ஹென்றி பேரனின் மகன். நாடகங்களின் முதற்கிளை இதுவே.

பிளான்ஷின் மகள் பிலிப்பா 1387இல் போர்த்துக்கல் மன்னன் முதலாம் ஜோனை மணந்தாள். கடலோட்டங்களை ஊக்குவித்த இளவரசன் ஹென்றி அவள் மகன். கோன்டின் இரண்டாம் மனைவி கொன்ஸ்டன்ஸ், கஸ்ரில் நாட்டு இளவரசி. அவர் மகள் கதறின் கஸ்ரில் அரசியானாள். அந்தக் கதறினின் பேர்த்திதான் கொலம்பசை அனுப்பிய இசபெல்லா. வஸ்கொடகாமாவை அனுப்பிய மனுவேல் மன்னனோ, கோன்டின் பேரனுடைய பேரன். 1505ஆம் ஆண்டளவில் நமது கரையில் வந்திறங்கிய போர்த்துக்கேயர் இந்த மனுவேலின் கொடியின் கீழ் வந்தவர்களே.

மூன்றாம் கிளையே என் மனதைப் பெரிதும் கவர்ந்தது. கோன்டின் பெண்மக்களுக்குச் செவிலியாக இருந்தவர் கதறின் சுவின்போர்ட். எய்னோ நாட்டிலிருந்து வந்த ஒரு வீரனின் மகள், விதவை. கோன்டுக்கும் அவருக்கும் மணமின்றியே ஆண்மக்கள் மூவரும் பெண் ஒருத்தியும் பிறந்தனர். இவர்களுக்கு போபோர்ட் என்ற குடும்பப் பெயர் வழங்கிற்று. கொன்ஸ்டன்ஸ் இறந்தபின், 1396இல் கோன்ட் ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் கதறினை முறைப்படி மணந்தார். கதறினின் சகோதரியே சோசரின் மனைவி. ஆகவே கோமகனும் கவிஞரும் சகலன்மார் ஆயினர்!

1397இல் நாடாளுமன்றத்தின் வாயிலாக போபோர்ட் பிள்ளைகள் முறையான பிள்ளைகள் என்று பிரகடனம் செய்யப்பட்டனர். ஆனால் பத்து ஆண்டுகளின் பின், அவர்களின் ஒன்றுவிட்ட உறவினனல்ல, சொந்தத் தந்தையின் மகனான நான்காம் ஹென்றி, அந்த உரிமையை மீள உறுதி செய்தபோது மூன்று இலத்தீன் சொற்களை இடையிற் செருகினான். 'அரச பதவி நீங்கலாக' என்பது அவற்றின் கருத்து. எல்லா உரிமையும் உண்டு, அரியணை மட்டும் இல்லை! ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி'யில் வரும் வின்செஸ்டர் ஆயர், கோன்டின் மகன் ஹென்றி போபோர்ட்தான். சபை நடுவே குளொஸ்டர் கோமகன் அவருடைய பிறப்பைச் சொல்லி இகழ்வதன் பின்னணி இதுவாகும்.

அந்த மூன்று சொற்கள் சாதித்தது என்ன? கோன்டின் மகள் ஜோன் போபோர்ட்டின் பேரர்களே நான்காம் எட்வேர்டும் மூன்றாம் றிச்சர்டும். ரோசாப்பூப் போர்களில் இரு தரப்பிலும் நின்றவர்கள் கோன்டின் இரத்தமே. முறையான முதற்கிளை 1471இல் ஆறாம் ஹென்றியோடு அற்றுப்போயிற்று. 1485இல் பொஸ்வேர்த் களத்தில் மூன்றாம் றிச்சர்டை வென்று முடிசூடியவன் ஹென்றி டியூடர். அவன் தாய் மார்கிறெட் போபோர்ட், கோன்டுக்கும் கதறினுக்கும் பிறந்த மூத்த மகனின் பேர்த்தி. அரியணை மறுக்கப்பட்ட கிளையே அரியணை ஏறிற்று. அவன் எந்த வழியில் உரிமை பெற்றான் என்று அன்றைய நாடாளுமன்றம் விவரிக்கவில்லை. அவனே அரசன் என்று மட்டும் கூறி அமைந்தது. அன்றிலிருந்து மூன்றாம் சார்ள்ஸ் வரை ஆங்கில அரியணையில் அமர்ந்தவர் அனைவரும் அந்தச் செவிலித்தாயின் வழித்தோன்றல்களே.

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக்கூடாது என்பார்கள் நம்மவர். அரசமூலத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குலத்தின் தூய்மையைப் பேசியே ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்திய பிரபுக்கள் எல்லோரும் ஒரே முற்றத்தில் விளையாடியிருக்க வேண்டிய பிள்ளைகள். அவர்கள் வீசிய வசைச்சொற்கள் நாடகங்களில் நிலைத்துவிட்டன. அவர்கள் காக்க முயன்ற எல்லைக்கோடோ எண்பது ஆண்டுகூட நிலைக்கவில்லை.

நேயர்களே, இந்நாடகங்களைக் கையில் எடுக்கும்போது ஒரு தாளில் கோன்டின் பெயரை எழுதி, அதன் கீழ் பிளான்ஷ், கொன்ஸ்டன்ஸ், கதறின் என்று மூன்று கோடுகள் இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஹென்றி வந்தாலும் அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று நீங்கள் தயங்காமல் சொல்லிவிடலாம்.