கிழங்குக் கொடியா? மலர்ச் செடியா?

ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே குணம் உடையவர்களாக இருப்பதில்லை. இது மனிதருக்கு மட்டும் உரிய நியதி அன்று; செடி கொடிகளுக்கும் பொருந்தும். நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளியும், கண்மாய்க் கரையில் இளஞ்சிவப்புப் பூக்களோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் நெருங்கிய உறவினர் என்றால் பலர் நம்ப மறுப்பர். வீட்டுத் தோட்டத்தில் இவ்விரண்டில் எதற்கு இடம் தரலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி எனக்குள் எழக் காரணம் உண்டு. பள்ளியில் படித்த நாளில், கண்மாய்க் கரையிலிருந்து அந்தப் பூச்செடியின் நான்கு குச்சிகளை ஒடித்து வந்து எங்கள் கொல்லை வேலியோரம் ஊன்றினேன். அவை தண்ணீர் ஊற்றாமலே தழைத்தன. வேலிக்கு வேலி, பூவுக்குப் பூ என்று வீட்டில் மகிழ்ந்தார்கள். அதே கொல்லையில் ஆண்டுதோறும் ஒரு பாத்தி சீனிக்கிழங்கு போடும் என் அப்பத்தா மட்டும், "பூ நல்லாத்தான் இருக்கு. ஆனா வச்ச இடத்திலேயே நிக்குமாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் ஆழம் அன்று எனக்கு விளங்கவில்லை.

உறவு முறை

இரண்டும் கன்வால்வுலேசி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பேரினமும் ஒன்றே; அதன் பெயர் ஐபோமியா. புழுவைப் போன்றது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. புழுவைப் போல் நெளிந்து சுற்றும் கொடிகள் இப்பேரினத்தில் மிகுதி. சர்க்கரைவள்ளி ஐபோமியா பட்டாட்டாஸ். நெய்வேலிக் காட்டாமணக்கு ஐபோமியா கார்னியா. 'கார்னியா' என்பது பூவின் தசை நிறத்தைக் குறிக்கும். இரண்டுக்கும் தாயகம் வெப்பமண்டல அமெரிக்காவே.

தமிழ்ப் பெயர்கள் இங்கே நம்மைச் சற்று ஏமாற்றுகின்றன. காட்டாமணக்கு என்ற பெயரைத் தாங்கினாலும் இச்செடிக்கும் ஆமணக்குக் குடும்பத்துக்கும் உறவில்லை. அவ்வாறே, வள்ளியம்மை கிடைத்ததாகப் புராணம் கூறும் குழி, நம் நாட்டு வள்ளிக்கிழங்கை அகழ்ந்த குழி. அது வேறு குடும்பம். கடல் கடந்து வந்த இனிப்புக் கிழங்குக்கும் நம் முன்னோர் 'வள்ளி' என்றே பெயர் சூட்டி உறவு கொண்டாடினர்!

உருவமும் வேரும்

இரண்டின் பூக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு வெளிப்படும். இரண்டும் புனல் வடிவானவை. இதழ்கள் ஒன்றாக இணைந்தவை. ஒடித்தால் இரண்டிலும் பால் வடியும். ஆனால் சர்க்கரைவள்ளி தரையில் படரும், பூப்பது குறைவு. மற்றதோ ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளரும். ஆண்டின் பெரும்பகுதி பூத்துக் குலுங்கும். அதன் தண்டு குழாய் போல் உள்ளீடற்றது. குரோமோசோம்களை எண்ணினால் பூச்செடிக்கு 30, கிழங்குக் கொடிக்கு 90.

உருளைக்கிழங்கு தண்டின் மாற்றுரு. சர்க்கரைவள்ளியோ வேரின் மாற்றுரு என்பதை மாணவர்கள் அறிவர். கொடியின் கணுக்களில் தோன்றும் வேர்களில் சில, மாவுப் பொருளைச் சேமித்துப் பருத்துக் கிழங்காகின்றன. 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச் சத்தும் சர்க்கரையும் உண்டு. மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகும்போது, கிழங்கிலுள்ள நொதி மாவுப் பொருளை மால்ட்டோஸ் சர்க்கரையாக மாற்றுகிறது. அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்ட கிழங்கு கூடுதலாக இனிப்பதன் இரகசியம் இதுவே. ஆரஞ்சு நிறச் சதை உள்ள வகைகளில் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் கரோட்டின் நிறைந்துள்ளது. இவ்வகைக் கிழங்கை ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பிய அறிஞர்களுக்கு 2016ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு கிடைத்தது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'ஸ்ரீ கனகா' இத்தகைய வகையே.

வளர்க்கும் முறை

சர்க்கரைவள்ளி பயிரிடுவது எளிது. முற்றிய கொடியின் நுனிப்பகுதியை வெட்டி, 60 செ.மீ. இடைவெளியில் அமைத்த பார்களில், 20 செ.மீ.க்கு ஒன்றாக நட வேண்டும். கொடி ஓடிய பின் அவ்வப்போது தூக்கித் திருப்பிப் போட வேண்டும். இல்லையேல் கணுதோறும் வேர் இறங்கி, கொடியின் பலம் பல சிறு கிழங்குகளாகச் சிதறிப் போகும். நிழலும் மிகுதியான தழைச்சத்தும் இலையைத்தான் வளர்க்கும். நான்கு மாதத்துக்குள் கிழங்கை அகழலாம். கொடி மாட்டுக்குத் தீவனம். இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கும் நாடுகளும் உண்டு.

இதன் பெரும் பகை கூன்வண்டு. அதன் புழு துளைத்த கிழங்கு கசந்துவிடும். இவ்வண்டு ஐபோமியா பேரினத்தின் வேறு செடிகளிலும் தங்கும் என்பதால், அவற்றை வயலைச் சுற்றி வைத்திருக்கக் கூடாது என்று வேளாண் அறிஞர்கள் அறிவுறுத்துகின்றனர். ஆகவே இவ்விரு உறவினரையும் ஒரே கொல்லையில் குடிவைப்பது அறிவுடைமை ஆகாது.

அழகின் மறுபக்கம்

பூச்செடியின் நற்குணங்களையும் சொல்லத்தான் வேண்டும். வறட்சியையும் வெள்ளத்தையும் அது தாங்கும். செலவின்றி வேலியாகும். ஆனால் அந்த உறுதியே ஆபத்தாக முடிகிறது. ஒடிந்த தண்டு எங்கே விழுந்தாலும் வேர்விடும். தண்ணீரில் மிதந்து சென்று ஒதுங்கிய இடத்தில் புதராகும். வடநாட்டில் இதனை 'பேஷரம்', அதாவது வெட்கமற்றது, என்று அழைக்கின்றனர். நான் ஊன்றிய நான்கு குச்சிகளும் மூன்றாம் மழைக்காலத்தில் வேலியைத் தாண்டி வாய்க்காலில் இறங்கின. நீர் ஓடும் வழியில் அடர்ந்து, வண்டலைத் தேக்கின. கடைமடை வயல்காரர்கள் வாய்க்காலில் இறங்கி வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் கீழே சென்று மீண்டும் முளைத்தன.

அதனினும் பெரிய இழப்பு ஒரு கோடையில் நேர்ந்தது. வேறு பச்சை இல்லாத நிலையில், அப்பத்தாவின் வெள்ளாடு வேலியிலிருந்த இலையைக் கடிக்கப் பழகியது. சில வாரங்களில் மெலிந்தது, நடை தள்ளாடியது, ஒரு நாள் எழவே இல்லை. கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் காரணம் எதுவாக இருந்திருக்கும் என்று உணர்ந்தேன். இச்செடியில் சுவைன்சோனின் என்னும் நஞ்சு உண்டு. செடிக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சை அதனை உண்டாக்குகிறது. அந்நஞ்சு விலங்கின் உயிரணுக்களில் ஒரு நொதியைத் தடுக்க, செரிக்காத சர்க்கரைப் பொருள்கள் தேங்கி நரம்பு மண்டலம் சீர்குலைகிறது. பிரேசில், மொசாம்பிக் ஆகிய நாடுகளிலும் ஆடுகளுக்கு இந்நோய் கண்டதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். சர்க்கரைவள்ளித் தளிர் என்று எண்ணி இதன் இலையை யாரும் பறித்துவிடலாகாது.

முடிவாக

தோட்டத்தில் அழகு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பூவுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருக்கின்றன; வைத்த இடத்திலேயே நிற்கும் இயல்பினவை. சர்க்கரைவள்ளியிலேயே கருஞ்சிவப்பும் இளம்பச்சையுமான இலைகளுக்காகத் தொட்டியில் வளர்க்கும் வகைகளும் உண்டு. முன்பே வேலியில் காட்டாமணக்கு இருந்தால், வேரோடு பிடுங்கி, நீர்நிலைக்கு அப்பால் வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். பச்சையாக வெட்டி வாய்க்காலில் எறிவது அதனை நடுவதற்கு ஒப்பாகும்.

ஒரு செடியை நடும் முன் அது எப்படிப் பூக்கும் என்று மட்டும் கேட்கிறோம்; எங்கே நிற்கும் என்று கேட்பதில்லை. தாவரவியல் நூல்கள் பல படித்த பின் நான் அறிந்த இவ்வுண்மையை, எழுத்தறியாத என் அப்பத்தா ஒரே கேள்வியில் அடக்கியிருந்தார். தவறு செடியினுடையது அன்று. குச்சியை ஊன்றிய கையினுடையது. சென்ற விடுமுறையில் வேலியோரம் இருந்த கடைசித் தூரையும் அகழ்ந்தெடுத்தேன். அந்த இடத்தில் இப்போது ஒரு பாத்தி சீனிக்கிழங்கு படர்ந்திருக்கிறது.